தொட்டுப் பார்க்க முடியாத கடை: இணையதளப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கு இணையதளம் போட்டுக் கொடுப்பதும் அதற்கான படங்களை எடுப்பதும் என் தொழில். திருபுவனம் பட்டு, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பித்தளை டபரா செட், முறுக்கு, சீடை என்று கலவையான சரக்கு. முதல் சந்திப்பில் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

படம் அழகாக இருந்தால் விற்பனை கூடுமா?

அழகு மட்டும் போதாது. கடைக்கு வரும் ஓர் அம்மா பட்டுப்புடவையை எப்படி வாங்குகிறார் என்று கவனித்துப் பாருங்கள். மடிப்பை விரிக்கச் சொல்கிறார். முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறார். பார்டரைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். கையில் ஏந்திக் கனம் பார்க்கிறார். "கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க" என்று வாசல் வரை நடக்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலைப் பேச்சு.

இணையதளத்தில் இதில் ஒன்றைக்கூட அவரால் செய்ய முடியாது. கடையில் கை செய்கிற வேலையை அங்கே படம் செய்து கொடுக்க வேண்டும். வாங்குபவரின் மனதில் இருக்கும் ஒரு சந்தேகத்தையாவது தீர்க்காத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும் காலண்டர் படம்தான்.

இணையதளங்களை மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர் யாக்கோப் நீல்சன். கண் எங்கெங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்து 2010-ல் ஒரு கட்டுரை எழுதினார். பக்கத்தை நிரப்ப வைத்த அலங்காரப் படங்களை மக்கள் கண்டுகொள்வதே இல்லை. பொருளைக் காட்டும் படங்களையும் நிஜ மனிதர்களின் படங்களையும் உற்றுப் பார்க்கிறார்கள் என்பது அதன் சாரம். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. புத்தக அலமாரி விற்கும் பக்கத்தில் படங்களைத் துருவித் துருவிப் பார்த்தார்கள். டிவி விற்கும் பக்கத்திலோ படத்தை விட்டுவிட்டு விவரத்தைப் படித்தார்கள். டிவி எல்லாம் பார்வைக்கு ஒன்றுதானே! ஆகவே அரிசி வியாபாரம் செய்பவர் ஒரு மூட்டையைப் பத்துக் கோணத்தில் எடுக்க வேண்டியதில்லை. புடவைக்காரர் ஒரே படத்தோடு நிறுத்தினால் பிழைப்பு நடக்காது.

முகப்புப் பக்கத்தில் எந்தப் படத்தை வைப்பது?

எங்கள் ஊர்ப் பக்கம் பத்து இணையதளங்களைத் திறந்தால் பெரும்பாலும் கோபுரம் ஒன்று, வாழையிலை ஒன்று, எரியும் விளக்கு ஒன்று கட்டாயம் இருக்கும். விளக்குக் கடைக்கு விளக்கு சரி. சீட்டுக் கம்பெனிக்கும் கோபுரம், பல் ஆஸ்பத்திரிக்கும் கோபுரம் என்றால், வந்தவருக்குத் தான் எந்தக் கடைக்குள் நுழைந்திருக்கிறோம் என்று எப்படித் தெரியும்?

கனடாவில் கிட்டே லிண்ட்கார்ட் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்தை வெறும் 50 மில்லி விநாடி, அதாவது விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே அது கண்ணுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். கூடுதல் நேரம் காட்டினாலும் அந்த முடிவு பெரும்பாலும் மாறவில்லை. அந்த ஒரு இமைப்பில் எழுத்தைப் படிக்க முடியாது. படமும் நிறமும் மட்டும்தான் போய்ச் சேரும்.

நான் சொல்வது இதுதான்: உங்கள் கடையில் அதிகம் விற்கும் பொருள் ஒன்று, நல்ல வெளிச்சத்தில், பெரிதாக. முறுக்குக் கடை என்றால் எண்ணெயிலிருந்து எடுத்து வடிதட்டில் கொட்டிய முறுக்கு. கோட் சூட் போட்ட இருவர் கைகுலுக்கும் படத்தை அப்பளக் கம்பெனி ஒன்றின் முகப்பில் பார்த்திருக்கிறேன். அப்பளத்தைத் தேட வேண்டியிருந்தது.

ஐந்தாறு படங்களை மாறி மாறி ஓட விடலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் தளத்தில் 2013-ல் எண்ணிப் பார்த்தார்கள். ஓடும் படங்களைச் சொடுக்கியவர்கள் வந்தவர்களில் சுமார் 1 சதவீதம். அந்தச் சொடுக்கல்களிலும் மிகப் பெரும்பங்கு முதல் படத்துக்கே. இரண்டாவதிலிருந்து ஆறாவது வரை வைப்பது, எந்தப் படம் முக்கியம் என்று கடைக்காரருக்குள்ளேயே முடிவாகவில்லை என்பதைத்தான் காட்டும். அண்ணனுக்கு ஒரு படம், தம்பிக்கு ஒரு படம் என்று பங்கு போட்ட ஸ்லைடரும் உண்டு. அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

கூகுளில் தேடி எடுத்த படத்தைப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகள் வரையும் உரிமை உண்டு. "எல்லோரும் போடுகிறார்கள்" என்பது பதிலாகாது. மொத்த வியாபாரி அனுப்பும் படமானால் அவரிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமைத் தகராறை விடுங்கள். இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. அதே படம் ஏற்கெனவே 40 கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். வாங்குபவர் படத்தை வைத்தே தேடிப் பார்த்து, 200 ரூபாய் குறைவாகச் சொல்லும் கடைக்குப் போய்விடுவார். படத்தை இரவல் வாங்கினால் விலையை மட்டும்தான் போட்டிக்கு வைக்க முடியும்.

காசு கொடுத்துப் போட்டோகிராபரை வைத்து எடுத்தால் உரிமை யாருக்கு என்றும் கேட்கிறார்கள். அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டிருந்தால் அந்த ஒப்பந்தப்படி. கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். என் ஒப்பந்தத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு பட்டுப்புடவைக்கு எத்தனை படம் வேண்டும்?

எண்ணிக்கையைச் சொன்னால் அதை நிரப்பத் தோன்றும். சந்தேகங்களை எண்ணுங்கள்.

முதலில் முழுப் புடவை: உடல், பார்டர், முந்தானை மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி. மடித்த புடவையின் மேல் முந்தானையை விசிறி போல் விரித்து எடுப்பது நம் ஊர் வழக்கம். அதை மாற்ற வேண்டாம், எல்லோரும் படிக்கப் பழகிய படம் அது. அடுத்து முந்தானை மட்டும், மேலிருந்து நேராக. சாய்த்து எடுத்தால் மயிலும் யாளியும் நசுங்கிப் போகும்.

பிறகு பார்டர், உடலோடு சேரும் இடம். கோர்வை வேலை, அதாவது உடலையும் பார்டரையும் தறியிலேயே கோர்த்து நெய்தது என்று எழுதியிருந்தால் அந்தச் சேர்மானத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பக்கத்தில் போய் எடுங்கள். தறியில் கோர்வை போட்டவரின் உழைப்பு அந்த ஓரங்குலத்தில்தான் இருக்கிறது. விலை ஏன் அவ்வளவு என்ற கேள்விக்கு இரண்டு பத்தி எழுதுவதைவிட அந்த ஓர் அங்குலம் நன்றாகப் பதில் சொல்லும்.

அதற்கப்புறம் அடிப்பக்கம். பலரும் இதை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். "பின்னாடி நூல் தெரியுமே" என்று தயங்குகிறார்கள். தெரியட்டும்! கடையில் அம்மா திருப்பிப் பார்ப்பது அதற்குத்தானே. அடிப்பக்கம் காட்டிய கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை என்று தோன்றும். ஒரு கடையில் அடிப்பக்கப் படங்களைச் சேர்த்த பிறகு "ஜரிகை எப்படி?" என்று போனில் கேட்பவர்கள் நன்றாகவே குறைந்துவிட்டார்கள் என்று கல்லாவில் இருந்தவர் சொன்னார்.

அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு இருந்தால் அதற்கு ஒரு படம். ரவிக்கைத் துணி எந்த நிறம், புடவையோடு சேர்ந்திருக்கிறதா என்று காட்ட ஒன்று. கடைசியாக, உடுத்திய படம். பொம்மைக்குக் கட்டியதைவிட ஆள் கட்டியது நல்லது. அந்த ஆள் சினிமா நடிகை மாதிரி இருக்க வேண்டியதில்லை. கொசுவம் எப்படி நிற்கிறது, பார்டர் கணுக்காலில் எவ்வளவு உயரம் தெரிகிறது என்பதைத்தான் தேடுவார்கள்.

சுங்குடிக்கும் சாதா காட்டனுக்கும் இதில் பாதி போதும்.

படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம் என்று புடவை திரும்பி வருகிறது. என்ன செய்வது?

நானும் இதில் அடிபட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் அரக்கு நிறப் புடவை ஒன்றைக் கடைக்குள்ளேயே வைத்து எடுத்தேன். மேலே வெள்ளை டியூப்லைட், பக்கத்தில் ஷோகேஸின் மஞ்சள் விளக்கு. என் திரையில் பார்த்தபோது பளிச்சென்று இருந்தது. கோயம்புத்தூருக்குப் போன புடவை ஒரே வாரத்தில் திரும்பி வந்தது: "தக்காளிச் சிவப்புன்னு நினைச்சு வாங்கினேன், இது அரக்கு." தப்பு முழுக்க என்னுடையது. போகவர கூரியர் செலவைக் கடைக்காரர் என் பில்லில் கழித்துக்கொண்டார். நியாயம்தான்.

நடந்தது இதுதான். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். நடுப்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின். வெள்ளை டியூப்லைட் 6500 பக்கம், நீலம் கலந்தது. மஞ்சள் விளக்கு 2700 அல்லது 3000. இரண்டும் ஒரே துணியில் விழுந்தால் கேமராவுக்கு எதை வெள்ளை என்று வைத்துக்கொள்வது என்று புரியாது. அதோடு, படம் முழுக்கச் சிவப்புத் துணியாகவே இருந்தால் போன் அதுவாகவே "சிவப்பு அதிகமாகிவிட்டது" என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும்.

இப்போது நான் செய்வது: கடை விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுவேன். நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம், காலை 9-லிருந்து 11-க்குள். வடக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் யோகம். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். ஒவ்வொரு புடவைக்கும் முதல் படத்தில் ஓரமாக ஒரு வெள்ளைத் தாளை வைப்பேன். பிறகு கணினியில் அந்தத் தாளை வெள்ளையாக்கினால் புடவையும் தன் நிறத்துக்கு வந்துவிடும். சுவரைக் கவனியுங்கள். பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் வைத்த சந்தன நிறப் புடவை பச்சை பூத்துத்தான் வரும்.

மயில்கழுத்து, மாம்பழத்தில் சிவப்பு ஓடுவது போன்ற இரட்டை நிறங்களுக்கு ஒற்றைப் படம் எப்போதும் பொய் சொல்லும். நீள நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். அசைந்தால்தான் இரண்டும் தெரியும். அதற்குப் பத்து விநாடி வீடியோ எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மடிப்பின் மேட்டில் ஒரு நிறமும் பள்ளத்தில் ஒரு நிறமும் தெரியும்படி ஒரு படம்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குபவரின் போன் திரை நம் கையில் இல்லை. அதனால் படத்துக்குக் கீழே நிறத்தை எழுத்திலும் எழுதுங்கள். "மெரூன்" என்று மொட்டையாக எழுதாமல் "அரக்கு, குங்குமத்தைவிட இருண்டது" என்று எழுதினால் தமிழ்நாட்டில் யாருக்கும் சந்தேகம் வராது.

பித்தளை, வெள்ளிப் பொருள்களைப் படமெடுத்தால் நாங்களே அதில் தெரிகிறோம்

புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு கண்ணாடிக்குச் சமம். எதிரில் சிவப்புச் சட்டை போட்டு நின்றால் விளக்கின் தண்டு முழுக்கச் சிவப்புக் கோடு ஓடும். சட்டையை மாற்றுவதைவிட, விளக்கு எதைப் பார்க்கிறது என்பதை மாற்ற வேண்டும்.

பெட்டியில் மடித்து வைத்திருக்கும் வெள்ளை எட்டு முழ வேட்டி ஒன்றை எடுங்கள். கரை தெரியாத நடுப்பகுதி வேண்டும். ஜன்னலுக்கும் விளக்குக்கும் நடுவே கொடி கட்டித் தொங்கவிடுங்கள். மறுபக்கம் இன்னொரு வேட்டி அல்லது தெர்மாகோல். இப்போது பித்தளையில் தெரிவதெல்லாம் வெள்ளை, அதனால் உலோகம் வழவழப்பாக வரும். ஆனால் எல்லாமே வெள்ளையானால் விளக்கின் ஓரம் பின்னணியில் கரைந்துவிடும். அதற்குக் கறுப்பு சார்ட் பேப்பரை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி, படத்தில் விழாதபடி இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். தண்டின் கடைசல் வளையங்கள் ஒவ்வொன்றும் கோடு போட்டது போல் எழுந்து நிற்கும். இதைப் பார்த்த ஒரு பெரியவர், "இது என் பட்டறையில செஞ்ச வெளக்கா?" என்று கேட்டார்.

விளக்கைத் துணியால் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டாலும் படத்தில் தெரியும். கேமரா விளக்கின் பாதி உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி எடுத்தால் மேலே இருக்கும் அன்னம் பெருத்து, பாதம் சிறுத்து, விளக்கு விழப்போவது போல் இருக்கும்.

நாச்சியார்கோவில் விளக்கு தனித்தனிப் பாகமாகச் செய்து மரை போட்டுத் திருகிச் சேர்ப்பது. அதைக் கழற்றி வரிசையாக வைத்து ஒரு படம் எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வாங்குபவர், பெட்டியில் எப்படி வந்து சேரும் என்றுதான் முதலில் யோசிக்கிறார். கடைசியில், சாயங்காலம் இருட்டத் தொடங்கும்போது ஐந்து முகமும் ஏற்றி ஒரு படம். போனில் சுடரின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் சுடர் வெள்ளைத் திட்டாக எரிந்துபோகாது.

போன் கேமரா போதுமா?

போதும். லென்ஸை வேட்டி நுனியால் துடையுங்கள். நான் பார்த்த மங்கலான படங்களில் பாதிக்கு மேல் எண்ணெய் விரல்தான் காரணம். பொருளை ஒட்டி நிற்காமல் இரண்டடி பின்னால் போய் 2 மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் உருவம் கோணாது. அழகுபடுத்தும் வசதிகளை நிறுத்திவிடுங்கள். ஐபோனில் எடுத்தால் ஹெச்இஐசி என்ற கோப்பாக வரலாம். ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

எடுத்ததை எனக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கித்தான் அனுப்பும். 'டாக்குமென்ட்' என்று சேர்த்து அனுப்பினால் அப்படியே வரும். ஆனால் அப்படி வரும் கோப்பில், போனில் இருப்பிடம் போட்டிருந்தால், எடுத்த இடத்தின் விவரமும் உள்ளே ஒட்டிக்கொண்டு வரும். வீட்டில் வைத்து நகை வியாபாரம் செய்பவர்கள் தளத்தில் ஏற்றுமுன் அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அளவை எப்படிக் காட்டுவது?

"12 அங்குலம்" என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் வாங்குவார்கள். வந்ததும் "இவ்வளவு சின்னதா" என்பார்கள். எழுத்து வேறு, கண் வேறு. பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளை வையுங்கள்: எவர்சில்வர் டம்ளர், எலுமிச்சம்பழம், ஒரு கை. காமாட்சி விளக்கு உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று போதும். தோடு என்றால் காதில் போட்டே எடுக்க வேண்டும்.

முறுக்கு, சீடைக்கு?

பாக்கெட்டை மட்டும் எடுத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாக்கெட்டை யாரும் தின்பதில்லை. பிரித்துக் கொட்டுங்கள். ஒன்றை உடைத்து, உள்ளே தெரியும்படி வையுங்கள். தட்டு மந்தாரை இலையோ எவர்சில்வரோ, வீட்டில் இருப்பதே நன்று. வெயில் பக்கவாட்டில் விழுந்தால் மொறுமொறுப்பு கண்ணுக்குத் தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்தால் முறுக்கு பிளாஸ்டிக் ஆகிவிடும்.

பாக்கெட்டின் பின்பக்கத்துக்கும் ஒரு படம் வேண்டும்: சேர்மானங்கள், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம் என்பது. கடலை எண்ணெயா பாமாயிலா என்று பார்ப்பவர்கள் நிறைய. கடலை எண்ணெயில் செய்கிறவர் அதைக் காட்டாமல் விடுவது எனக்குப் புரியாத சமாச்சாரம்.

ஏஐ போட்டு மாடல் படம் செய்துவிடலாமா? செலவு மிச்சம்தானே?

பின்னணியைச் சுத்தம் செய்ய, தூசியை நீக்க, சுவர் விரிசலை மறைக்கப் பயன்படுத்துங்கள். பொருளைத் தொட விடாதீர்கள். ஒரு கடையில் புடவையைக் கொடுத்து, உடுத்திய பெண்ணின் படத்தை ஏஐ-யில் செய்தார்கள். பார்க்க ஜோர். பக்கத்தில் போய்ப் பார்த்தால் முந்தானையில் இருந்த மயிலுக்கு மூன்று கால். பார்டரில் எந்தத் தறியிலும் நெய்ய முடியாத ஒரு கொடி. நெசவாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார், அப்புறம் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

சட்டமும் இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டியதற்கும் பொருளின் உண்மையான தன்மைக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். காட்டியபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக்கூடாது. திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு.

மாடலுக்குக் காசு இல்லையா? நெய்தவரின் கையை எடுங்கள். தறியில் உட்கார்ந்திருப்பவரை, அவர் சம்மதத்தோடு, அவருக்குப் படத்தைக் காட்டி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு எடுங்கள். கூலியாக ஏதாவது கொடுங்கள்; அரை நாள் தறி நிற்கிறதல்லவா.

"ஆடித் தள்ளுபடி 30%" என்று படத்துக்கு மேலேயே எழுதிப் போடலாமா?

போஸ்டரில் போடுங்கள். இணையதளத்தில் எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும். படத்துக்குள் புதைந்த எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்காது, போன் திரையில் சிறுத்துவிடும், ஆடி முடிந்தால் படத்தையே மாற்ற வேண்டும்.

தமிழுக்கு இதில் தனிச் சங்கடம். பல டிசைனர்கள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துப் படமாக்கித் தருகிறார்கள். யூனிகோடில் அடித்தால் போட்டோஷாப்பில் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' உடைகிறது என்பது அவர்கள் காரணம். இந்திய மொழிகளுக்கான அமைப்பை அந்த மென்பொருளில் மாற்றி வைத்தால் உடையாது, கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது.

படத்தின் மேல் எழுத்து வந்தே ஆக வேண்டுமென்றால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவாவது இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டியின் கணக்கு. ஜரிகையின் மேல் மஞ்சள் எழுத்து அந்தக் கணக்கில் தேறாது. கண் பார்வை இல்லாதவர்களுக்குத் திரைவாசிப்பான் படித்துச் சொல்வதற்காக, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கத்தைப் பின்னால் சேர்க்கலாம். "படம் 1" என்று எழுதாதீர்கள். "அரக்கு உடல், பச்சை பார்டர் திருபுவனம் பட்டு, விரித்த முந்தானை" என்று எழுதுங்கள்.

படம் சேர்த்ததும் தளம் நத்தை மாதிரி ஆகிவிட்டது

போனில் எடுத்த ஒரு படம் 3, 4 எம்பி இருக்கும். எட்டுப் படத்தை அப்படியே ஏற்றினால் 30 எம்பி. சிக்னல் சரியில்லாத இடத்தில் பஸ்ஸில் உட்கார்ந்து பார்ப்பவர் அது திறக்கும்வரை காத்திருக்க மாட்டார். பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அந்த உறுப்பு பெரும்பாலும் உங்கள் முகப்புப் படம்தான்.

அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறையுங்கள். வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள். கூகுள் 2010-ல் கொண்டுவந்த இதை 2020-ல் ஆப்பிளின் சஃபாரியும் ஏற்றுக்கொண்டது. இனித் தயங்க வேண்டியதில்லை. 'ஸ்கூஷ்' என்ற இலவசத் தளத்தில் இழுத்துப் போட்டு, மூலப் படத்தையும் சுருக்கியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே சுருக்கலாம். 200 கேபி சுற்றிவர நிற்கும். கீழே இருக்கும் படங்கள் உருட்டும்போது வந்தால் போதும் என்று அமைக்கலாம். முகப்புப் படத்துக்கு மட்டும் அதைச் செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் நீள அகலத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்தால், படம் வந்து விழும்போது பக்கம் குதிக்காது. 'வாங்கு' பட்டனைத் தொடப் போய் வேறெதையோ தொட்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

வீடியோ?

துணிக்கும் சங்கு, மணி மாதிரி ஒலி தரும் பொருளுக்கும் நல்லது. 20 விநாடிக்கு மேல் வேண்டாம். தானாக ஓடும் வீடியோவுக்கு உலாவிகள் பொதுவாகச் சத்தத்தை அனுமதிப்பதில்லை. ஆகவே பேச்சை நம்பி எடுக்காதீர்கள், பார்த்தாலே புரிய வேண்டும். ட்ரோன் வேண்டாம். மேலிருந்து பார்த்தால் உங்கள் கடையின் ஓடுதான் தெரியும்.

வாங்கியவர்கள் அனுப்பும் படங்களைப் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். கல்யாண வீட்டில் அத்தை எடுத்த, கொஞ்சம் கோணலான படம் பல நேரம் நான் எடுத்ததைவிட நன்றாக விற்கும். எனக்கு அதில் சிறிது பொறாமை உண்டு. ஆனால் நீங்களே எழுதிக்கொண்ட பாராட்டும், எப்போதும் "இன்னும் 2 மட்டுமே" என்று மின்னும் சிவப்புப் பட்டையும் வேண்டாம். பொய் அவசரம் காட்டுவது 2023-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று.

கையில் காசு குறைவு. எதில் ஆரம்பிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் கடையின் வாட்ஸ்அப்பைத் திறக்கச் சொல்வேன். கடந்த இரண்டு மாதத்தில் வாங்க வந்தவர்கள் கேட்ட படங்களைத் தேடுவோம். "முந்தானை மட்டும் தனியா அனுப்புங்க", "அடிப்பக்கம் காட்டுங்க", "கட்டினா எப்படி இருக்கும்", "பக்கத்துல ஏதாவது வெச்சு எடுங்க". விளக்குக் கடை ஒன்றில் நான் எதிர்பார்க்காத ஒன்று வந்தது: எண்ணெய்த் தட்டின் ஆழம். எவ்வளவு நேரம் எரியும் என்று கணக்குப் போடுகிறார்கள்! கடைக்காரர் நாலு வருஷமாக ஒவ்வொருவருக்கும் தட்டில் விரலை விட்டுப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். தளத்தில் மட்டும் அது இல்லை.

அந்தக் கோரிக்கைகளை ஒரு தாளில் எழுதி, எது அதிகம் வந்ததோ அதை மேலே வையுங்கள். அதிகம் விற்கும் பத்துப் பொருளுக்கு மட்டும், அந்த வரிசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னலோரம் உட்கார்ந்து எடுத்துவிடலாம். செலவு தெர்மாகோல் ஒன்று, கறுப்பு சார்ட் இரண்டு. வேட்டி வீட்டிலேயே இருக்கும்.